பெரில் கறிக் குலுக்கல்

டெஸ் கில்விங்டன் முப்பத்தோரு வருடம் ஆடு அறுத்தவர். வரிங்கா க்ரீக் கறித் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு நூற்றிருபது தலை. தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு பெட்டி பீரும் கொடுத்து அனுப்பினார்கள். பீர் அந்த வாரமே தீர்ந்துவிட்டது. கடிகாரம் இன்னும் ஓடுகிறது, பத்து நிமிடம் பின்தங்கி.

அதற்குப் பிறகுதான் அவர் விலங்குகளைக் காப்பாற்றத் தொடங்கினார். மனம் திருந்தினார், பாவத்தைக் கழுவினார் என்றெல்லாம் யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊரில் யாரும் நினைக்கவில்லை. நெடுஞ்சாலையில் கங்காரு செத்துக் கிடந்தால் வண்டியை நிறுத்தி, ஓரமாக இழுத்துப் போட்டு, குட்டி இருக்கிறதா என்று வயிற்றுப் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். டெஸ்ஸும் காலமெல்லாம் அப்படிப் பார்த்தவர்தான். ஒரு நாள் காலை உள்ளே இருந்த ஏதோ ஒன்று அவர் விரலை உதைத்தது. அதைத் தலையணை உறைக்குள் போட்டு, சமையலறைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவைத்தார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு ரேலீன் செருப்புப் பெட்டிக்குள், பாஸம் என்ற மரம் ஏறும் பிராணியின் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“எங்கிட்ட எதுக்கு?” என்றார் டெஸ்.

“ஒங்கிட்டதான் தலகாணி ஒற நெறைய இருக்கே.”

சரணாலயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகின்றன.

பெரில் வந்தது போன கோடையில். வாம்பட் சாதி, புல் தின்னும் காட்டு விலங்கு. பீப்பாய்க்குக் கால் முளைத்தது போல உடம்பு, இருபத்தெட்டு கிலோ. சொறி பிடித்துக் கண் மூடி, வண்டியில் அடிபட்டுப் பள்ளத்தில் கிடந்தது. டெஸ் மருந்து போட்டு, ஊட்டி, நான்கு மாதத்தில் ரோமம் வளரவைத்தார். போன ஒரு கண் மட்டும் திரும்பி வரவில்லை. பின்னங்கால் ஒன்று மடங்கியபடியே நின்றுவிட்டது. தொழிற்சாலை கேண்டீனில் கரண்டியால் அடித்துச் சோறு போட்ட ஒரு பெரில் இருந்தாள். முகச்சாயல் ஒத்துப்போனதால் அந்தப் பெயர். மண்ணைத் தோண்டுவது ஒன்றுதான் இந்தப் பெரிலுக்குத் தெரிந்த வேலை. கோழிக் கொட்டகைக்கு அடியில் தோண்டியது, துணி துவைக்கும் அறைக்கு அடியில் தோண்டியது. ஒரு முறை ரேலீனின் ரோஜாப் பாத்தியின் நடுவில் தலையை நீட்டி, அவளையே யார் நீ என்பது போலப் பார்த்தது.

மார்ச் மாதத்தில், உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். கையில் அட்டை, காதில் பேனா, காலில் புதுப் பூட்ஸ்.

“இது இனிமே காட்டுக்குப் போக முடியாது. வெச்சுக்கணும்னா நிரந்தரக் கூண்டு வேணும். தரைக்கு அடியிலயும் இரும்பு வலை போடணும், சுத்தி சிமெண்டு போடணும். மே கடைசிக்குள்ள முடிச்சிருங்க.”

“முடியலன்னா?”

ஆய்வாளர் பேனாவைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். “முடியலன்னா ஊசி போட்டுத் தூங்க வெச்சிர வேண்டியதுதான்.”

எட்டு லட்சம் ஆடுகளை வெட்டிய மனிதருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

கூண்டுக்குப் பதினோராயிரம் டாலர் ஆகும் என்றான் வேலிக்காரன். டெஸ்ஸிடம் இருந்தது சொற்ப பென்ஷனும் பழைய வண்டி ஒன்றும். ரேலீன் கடைத்தெருவில் முடி வெட்டுகிறவள். தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஊரின் சகல செய்தியும் அவளுக்குத் தெரியும், இணையமும் தெரியும். நன்கொடைப் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டு, “நீயே எழுதுய்யா, மனசிலேர்ந்து எழுது” என்று சொல்லிப் போனாள்.

டெஸ் மனசிலிருந்து எழுதினார்:

‘வாம்பட் ஒன்று. கொஞ்சம் உடம்பு சரியில்லை. கூண்டு வேண்டும். சில்லறை இருந்தால் போடவும். இல்லையென்றால் பரவாயில்லை.’

ஒரு வாரத்தில் பதினைந்து டாலர் சேர்ந்தது. அதில் பத்து ரேலீன் போட்டது. ஐந்து, பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க டெஸ்ஸே போட்டது.

“என்னய்யா எழுதி வெச்சிருக்க?” என்று ரேலீன் தலையில் அடித்துக்கொண்டாள். “கொஞ்சம் ஒடம்பு சரியில்லையாம்! சாவப்போறான்னு எழுதவேண்டியதுதானே?”

“எல்லாருக்கும் ஆயிரம் கஷ்டம் இருக்கும். நாம வேற எதுக்கு?”

அந்தப் பக்கத்து ஆண்கள் அப்படித்தான். டிராக்டர் கவிழ்ந்து இடுப்பு நொறுங்கினாலும், ‘லேசா சுளுக்கு’ என்பார்கள். உதவி கேட்பதை, பல் துலக்கும் குச்சியைக் கடன் கேட்பது போன்ற ஒரு காரியமாக நினைப்பவர்கள். ரேலீன் தன் போனைத் திறந்து மற்றப் பக்கங்களைக் காட்டினாள். மரக்கால் பொருத்திய வாத்து. தொப்பி வைத்து, கேக் முன்னால் நின்ற ஒரு கழுதை.

“இந்தக் கழுதைக்கு என்ன கேடு?”

“தனிமையாம். பொறந்தநாள் கொண்டாட ஆளில்லையாம். நாப்பதாயிரம் சேந்திருக்கு.”

“தனிமையா? நானுந்தான் பன்னெண்டு வருஷமா தனியா கெடக்கேன்.”

“ஒனக்கு அந்தக் கழுதையோட நீளக் கண்ணிமை இல்லையே ராசா.”

அன்றிலிருந்து எழுத்துவேலை ரேலீனின் கைக்கு மாறியது. ‘பெரில் ஒவ்வோர் இரவும் தன் இழந்த காட்டை எண்ணி அழுகிறாள்’ என்று தொடங்கினாள்.

“அவ எங்க அழுதா? உறுமுவா. கடிப்பா.”

“கடிப்பான்னு எழுதுனா எவன்யா காசு போடுவான்? பேசாம இரு.”

பிறகு வீடியோ. டெஸ் ஒரு முக்காலியில் உட்கார வேண்டும். பெரில் காலடியில் இருக்க வேண்டும். அவர் கேமராவைப் பார்த்து அவளைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். “கெட்ட வார்த்தை மட்டும் வந்துரக் கூடாது. வந்துச்சு, பக்கத்தையே மூடிருவாங்க” என்று மூன்று முறை எச்சரித்தாள். டெஸ் வாயைத் திறந்த நொடியில், பெரில் அவர் பூட்ஸுக்கு மேலே இருந்த சதையைப் பார்த்து, நிதானமாக, ஆழமாகக் கடித்தாள். முப்பத்தோரு வருடத் தொழிற்சாலை வசவெல்லாம் நெஞ்சுக்கு ஏறி வந்தது. டெஸ் பல்லைக் கடித்தார். உதடு நடுங்கியது. முகம் சிவந்து, கண்கள் நிறைந்து, ஒரு சொட்டு மெல்ல உருண்டு தாடிக்குள் போய்ச் சேர்ந்தது. முழுதாகப் பதினெட்டு வினாடி.

ரேலீன் அதற்குப் பியானோ இசை சேர்த்து, ‘வார்த்தைகள் போதாதபோது’ என்று தலைப்பிட்டுப் போட்டாள்.

உலகம் அழுதது. ஹாம்பர்க்கிலிருந்து ஒரு பல் மருத்துவர் இருநூறு டாலர் அனுப்பினார். ஓரிகானில் ஒரு பெண், தான் கணவனைவிட டெஸ்ஸை நம்புவதாக எழுதினாள். பத்து நாளில் பதினாலாயிரம். டெஸ் காலில் கட்டுப்போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனபோது, கிளப்பே எழுந்து நின்று கைக்குட்டையை நீட்டியது.

“என்ன டெஸ், இன்னிக்கும் வார்த்தை போதலையா?” என்றார் மெர்வ்.

மெர்வ் ஸ்டாண்டன் உருட்டுப்பந்து கிளப்பின் செயலாளர். மூடிக்கிடக்கும் தொழிற்சாலையின் காவல்காரரும் அவரே. இணையத்தின்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. “கம்ப்யூட்டர்ல வந்த காசு கம்ப்யூட்டர்லயே போயிரும்ப்பா. நம்ம ஊரு மொறப்படி ஒண்ணு செஞ்சு வெப்போம்.”

ஊர் முறை என்பது கறிக் குலுக்கல். தீயணைப்பு வண்டிக்கு டயர் வேண்டுமா, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறதா, பாதிரியாருக்கு மூட்டு மாற்ற வேண்டுமா, எதுவானாலும் வெள்ளிக்கிழமை மாலை கிளப்பில் சீட்டு விற்று, ஒரு தட்டுக் கறியைக் குலுக்கலில் கொடுப்பார்கள். ஒரு மிருகத்தைக் காப்பாற்ற இன்னொரு மிருகத்தைத் தட்டில் வைப்பது பற்றி வரிங்கா க்ரீக்கில் ஒருவருக்கும் உறுத்தல் இல்லை. மெர்வ் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘பெரில் கறிக் குலுக்கல். வெள்ளி ஆறு மணி. சீட்டு இரண்டு டாலர்.’

அறுநூற்று நாற்பது டாலர் விற்றது. பலகைக்குக் கீழே டெஸ் தட்டை ஏந்தி நின்று சிரித்தார். பன்னிரண்டு சாப்ஸ், இரண்டு முழம் சாஸேஜ், நடுவில் நூல் சுற்றிக் கட்டிய உருண்டையான பெரிய கறித்துண்டு ஒன்று. வாழ்க்கையில் அவர் பல் தெரியச் சிரித்த புகைப்படம் அது ஒன்றுதான். பெருமை தாங்காமல் ரேலீன் அதை அப்படியே நன்கொடைப் பக்கத்தில் போட்டாள்: ‘எங்கள் பெரிலுக்காக ஊரே திரண்டது!’

ஊர் அந்தப் பலகையை, பெரிலுக்காக நடக்கும் கறிக் குலுக்கல் என்று படித்தது. உலகம் அதே பலகையை, பெரில் கறியின் குலுக்கல் என்று படித்தது.

காலையில் முதலில் கேட்டவர் ஹாம்பர்க் பல் மருத்துவர்: ‘அவளைச் சாப்பிட்டுவிட்டீர்களா?’ மதியத்துக்குள் மூவாயிரம் பேர் கேட்டார்கள். நூல் கட்டிய துண்டுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, அளவு ஒத்துப்போகிறது என்று ஒருவர் நிரூபித்தார். ஓரிகான் பெண் கணவனிடமே திரும்பிவிட்டதாக அறிவித்தாள். சாயங்காலம் பக்கத்தை நடத்தும் நிறுவனத்திலிருந்து மடல் வந்தது. புகார்கள் வந்திருப்பதால் பணம் நிறுத்திவைக்கப்படுகிறது, விசாரணைக்கு நாற்பத்தைந்து வேலை நாட்கள் ஆகும்.

ஆய்வாளர் வர இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.

“உசுரோட இருக்கான்னு காட்டிருவோம்” என்றாள் ரேலீன். அன்றைய செய்தித்தாளைப் பெரிலின் முகத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுத்தார்கள். பெரில் விளையாட்டுச் செய்திப் பக்கத்தைத் தின்றாள். படத்தைப் போட்ட ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது: ‘இது வேறு வாம்பட். பெரிலின் கண்களில் துயரம் இருந்தது.’

“கண்களா? அவளுக்கு ஒரு கண்ணுதானே இருக்கு?” என்றார் டெஸ்.

அடுத்த நாள் யாரோ ஒருவர் பழைய படம் ஒன்றைத் தோண்டி எடுத்தார். தொழிற்சாலை ஆண்டுவிழா, வேகப் போட்டியில் முதல் பரிசு, வெள்ளை ஏப்ரன், கையில் கத்தி, இளைய டெஸ். ‘புனிதர் வேடத்தில் கசாப்புக்காரன்’ என்று அது சுற்றியது.

ரேலீன் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்: ‘கத்தியைக் கீழே போட்ட நாள் முதல் தினந்தோறும் கண்ணீர்...’

“அழி” என்றார் டெஸ்.

“யோவ், இது ஒண்ணுதான்யா வழி.”

“நகரு. நான் அடிக்கிறேன்.”

இரண்டு விரலால், முக்கால் மணி நேரம் அடித்தார்.

‘ஆடு அறுத்தது உண்மை. ஒழுங்காக அறுத்தேன். வீடியோவில் நான் அழவில்லை, அவள் கடித்தாள். அவள் உயிரோடு இருக்கிறாள். தட்டில் இருந்தது ஆட்டுக்கறி. பணம் திரும்ப வேண்டுவோர் எடுத்துக்கொள்ளவும்.’

எடுத்துக்கொண்டார்கள். நாலைந்து பேர் நேர்மை என்று இதயம் போட்டார்கள், போட்ட கையோடு காசையும் எடுத்தார்கள். அதில் பெரும்பகுதி கழுதைக்குப் போனது. கழுதைக்கு ஊர்வலத்தோடு இன்னொரு பிறந்தநாள் நடந்ததாகக் கேள்வி.

“போச்சு” என்றாள் ரேலீன்.

ஒன்பது நாள் மிச்சம். டெஸ் மேசை இழுப்பறையைத் திறந்து கத்தியை வெளியே எடுத்தார். யாரோ ஒரு புதுப் பூட்ஸ்காரன் ஊசி போடுவதைவிடத் தன் கையாலேயே, அவளுக்குத் தெரியாமல், ஒரே இழுப்பில் முடித்துவிடலாம் என்றுதான் எடுத்தார். அந்த வேலையில் அவரைவிடச் சுத்தமான கை அந்த மாவட்டத்தில் இல்லை. கல்லில் தீட்டினார். கட்டைவிரலில் கூர் பார்த்தார். கொல்லைக்குப் போனார். பெரில் மடங்கிய காலை நீட்டிக்கொண்டு, வயிறு மேலும் கீழும் ஏறி இறங்க, வெயிலில் கிடந்தாள். எந்த இடம் என்று அவர் கண் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. கை மட்டும் அசையவில்லை. கத்தியால் பக்கத்தில் முளைத்திருந்த புல்லை அறுத்து அவள்முன் போட்டுவிட்டு வந்தார்.

அன்று மாலை கிளப்புக்குப் போய் மெர்வின் பக்கத்தில் உட்கார்ந்தார். அரைக் கோப்பை பீரைக் குடித்தார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“சனிக்கெழம சும்மாதான் இருக்கியா, மெர்வ்?”

மெர்வ் கோப்பையைக் கீழே வைத்தார். அறுபத்து மூன்று வருடத்தில் டெஸ் கில்விங்டன் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அந்த ஊரில் ஓர் ஆண்பிள்ளை காலில் விழுவதென்றால் இதுதான்.

“எத்தன பேரு வேணும்?” என்றார் மெர்வ்.

“வர்றவங்க.”

பத்தொன்பது பேர் வந்தார்கள், மண்வெட்டியோடும் அவரவர் சாப்பாட்டோடும். குலுக்கல் காசு சிமெண்டுக்கும் மணலுக்கும் சரியாக இருந்தது. வலைக்கு வழியில்லையே என்று டெஸ் தலையைச் சொறிந்தபோது, மெர்வின் லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது. அது நிறைய, தொழிற்சாலையில் ஆடுகளை அடைத்துவைத்த பட்டியின் இரும்பு வலை.

“மொதலாளிகிட்ட கேட்டேன். அள்ளிட்டுப் போனா சரி, இடிக்கிற கூலி மிச்சம்னுட்டாரு” என்றார் மெர்வ். “எறக்குங்கப்பா, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?”

வலையின் ஒவ்வொரு மடிப்பையும் டெஸ் அறிவார். முப்பத்தோரு வருடம் அதற்கு அந்தப் பக்கம் நின்று, ஆடு ஒன்றுகூட அதைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொண்டவர். எதுவும் சொல்லாமல் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, வலையை விரித்து, ஓரத்தில் சிமெண்டு ஊற்றி, மண் மூடினார்கள். ரேலீன் தன் ரோஜாப் பாத்தியை ஒட்டி வந்த பக்கத்துக்கு இரண்டு அடுக்கு போடச் சொன்னாள். போட்டார்கள்.

குறித்த நாளில் ஆய்வாளர் வந்து, குனிந்து, கம்பியால் குத்தி, அளந்து பார்த்தார்.

“கெட்டியாத்தான் இருக்கு. வலை எங்க வாங்குனீங்க?”

“உள்ளூர்லதான்” என்றார் டெஸ்.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். பெரில் இனி டெஸ்ஸின் பொறுப்பு, அவள் ஆயுள் முடியும்வரை. டெஸ் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

கூண்டுக்குள் விட்ட அடுத்த நிமிடமே பெரில் தோண்டத் தொடங்கினாள். மண் பின்னால் பறந்தது. டெஸ் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நகம் இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. பெரில் வெளியே வந்து, அவமானப்பட்டவள் போல வலையைப் பார்த்துவிட்டு, அடுத்த மூலைக்குப் போனாள். அங்கேயும் இரும்பு. மூன்றாவது மூலை, நான்காவது மூலை. இரண்டு மணி நேரம் ஆனது. வலை தாங்கியது. கடைசியில் அவள் மண்மேட்டின்மேல் ஏறி, டெஸ்ஸுக்கு முதுகைக் காட்டியபடி சம்மணமிட்டவள் போல உட்கார்ந்துகொண்டாள்.

டெஸ் எழுந்து, சர்க்கரைவள்ளிக்கிழங்கு நறுக்க உள்ளே போனார். கோபத்தில் இருக்கிறவளுக்குப் பசி அதிகம் இருக்கும்.