சர்வரில் ஒட்டியிருந்த சீட்டு

ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையின் ஆபீசில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள் ஜெசி. ஆனாலும் சர்வரில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலாளி, "ஜெசி வரட்டும், கேட்டியா?" என்பார். எனக்கு வயிறு எரியும்.

அவள் லீவில் இருந்த அன்று சர்வரில் புது நெட்வொர்க் கார்டு மாட்ட வேண்டியிருந்தது. செய்யவேண்டியதை ஒன்று விடாமல் ஒரு சீட்டில் எழுதி, சர்வரிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். படிக்காமலே கிழித்துப் போட்டேன். நானே கமாண்ட் அடித்து ஐபி முகவரி கொடுத்தேன். எல்லாக் கம்ப்யூட்டரும் இணைந்தன. முதலாளி முதுகில் தட்டினார்.

மறுநாள் காலையில் கரண்ட் போய் வந்தது. சர்வர் மறுபடி ஓடியபோது நான் கொடுத்த முகவரியைக் காணோம். பில் போட முடியாமல் கடையில் ஒரே கூச்சல். அந்த முகவரியைச் சர்வருக்குள் இருக்கும் ஃபைலிலும் எழுதி வைத்தால்தான் நிலைக்கும் என்பது எனக்குத் தெரியாது. வேலைக்கு வந்த ஜெசி இரண்டே வரியில் சரிசெய்தாள்.

"இது யாருக்க தப்பு?" என்றார் முதலாளி.

நான் கிழித்ததில் மிஞ்சி, சர்வரில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கை ஜெசி விரலால் தடவினாள். "அண்ணன் செய்தது செரிதான் அண்ணாச்சி. ஃபைல்ல எழுதணும்னு நான்தான் சொல்ல மறந்துபோனேன்."

திட்டு அவளுக்கு விழுந்தது.

அவள் செய்த வேலையெல்லாம் பிறகு நானும் கற்றுக்கொண்டேன். அன்று அவள் சொன்னதை மட்டும் என்னால் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை.