சயாம் ரயில் படத்தில் என் பெரியப்பா

2006-ஆம் வருஷம். காரைக்காலில் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்போது நான் வீட்டிலேயே பிரெஞ்சு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் ஊரில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பையனுக்குக் கழுத்தை நீட்டினால் பிரான்சுக்குப் போக வேண்டும், போவதற்கு முன்னால் நாலு வார்த்தை பேசவும் வர வேண்டும். அதனால் கல்யாண சீசன் முடிந்ததும் எனக்கு டியூஷன் சீசன் தொடங்கிவிடும்.

அந்த வருஷம் வந்தவர்களில் ஒரு முஸ்லிம் பெண். நிக்காஹ் முடிந்த கையோடு கணவர் பாரீசுக்குத் திரும்பிவிட்டார். இவள் விசாவுக்காகக் காத்திருந்தாள். பாடப்புத்தகத்தைப் பிரித்தாலே கொட்டாவி விடுவாள். ஒரு நாள் பை நிறையப் படக்கதைப் புத்தகங்களோடு வந்தாள்.

“மச்சான் அனுப்புனாஹ டீச்சர். படத்தப் பார்த்தா பேச்சு தன்னால புரியும்னு சொன்னாஹ” என்றாள். மச்சான் என்று அவள் சொன்னது கணவரை.

ஜப்பான்காரர் ஒருவர் வரைந்தது, பிரெஞ்சில் மொழிபெயர்த்தது. ஐந்து பாகம். இந்த மாதிரிப் படக்கதைக்கு ஜப்பானில் மாங்கா என்று பெயராம். அதைக் கேட்டதும் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த என் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு அப்போது எழுபத்தைந்து தாண்டியிருந்தது. பகல் முழுக்க அந்தக் கட்டில்தான். டியூஷன் நடப்பதை ரேடியோ மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் பெரிய டீச்சர் அல்லவா? முதல் பாகத்தை வாங்கி, நம் வழக்கப்படி இடது பக்கத்திலிருந்து விரித்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கருகிக் கிடந்த ஊர், பக்கத்தைப் புரட்டப் புரட்ட முழுசாக எழுந்து நின்றது. செத்துக் கிடந்த சிறுமி அடுத்த பக்கத்தில் பள்ளிக்கூடம் போனாள். இதென்ன கூத்து என்று நான் விழித்தபோது, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“டீச்சர், நாங்க ஓதுற மாதிரி வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும்.”

அன்றைக்கு அவள் டீச்சர், நான் மாணவி. ஒழுங்கான பக்கத்திலிருந்து படித்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. படக்கதை என்றால் குழந்தைகளுக்கு என்று நினைத்திருந்தவள் நான். இதில் ஒரு ஜப்பானியக் குடும்பம் போர்க்காலத்தில் பட்ட பாடு இருந்தது. ஒரு அம்மா பிள்ளைகளுக்குக் கஞ்சியை ஊற்றிவிட்டு, பானையைக் கழுவிய தண்ணீரைத் தான் குடிக்கிறாள். வசனமே இல்லை, மூன்று கட்டங்கள்தான். வரைந்தவர் போரை வீரமாகக் காட்டவில்லை, பசியாகக் காட்டியிருந்தார். நானும் அந்தப் பெண்ணும் மூக்கைச் சிந்திக்கொண்டே பிரெஞ்சு படித்தோம். நான் பிரெஞ்சில் வாசிப்பேன், அவள் தமிழில் சொல்வாள். அவள் தடுமாறினால் நான் சொல்வேன். அப்பாவும் கேட்டுக்கொண்டிருப்பார்.

மூன்றாம் பாகத்தில் அந்த வீட்டு மூத்த பையன் பட்டாளத்தில் சேர்ந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போகிறான். காட்டுக்குள் பர்மா வரைக்கும் ரயில் பாதை போடுகிறார்கள். இதைச் சொன்னபோதுதான் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

என் பெரியப்பா, அதாவது அப்பாவுக்கு ஒரே அண்ணன், சண்டைக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குக் கடை வேலைக்குப் போனவர். அப்பா அப்போது சின்னப் பையன். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்ததும் கடிதம் நின்றுபோனது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர் மட்டும், அவரையும் இன்னும் பல தமிழர்களையும் ஜப்பான்காரன் லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனதைப் பார்த்ததாகச் சொன்னார். அதற்குமேல் தகவல் இல்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், அந்த முகம் தெரிந்த ஒரே ஆளாக அப்பா மட்டும் மிஞ்சியிருந்தார். “நானும் போயிட்டா அவன் மூஞ்சி எப்புடின்னு யாருக்குத் தெரியும்” என்பதுதான் கடைசிக் காலத்தில் அவருடைய ஒரே புலம்பல். எங்களிடம் வர்ணித்துப் பார்ப்பார். ஒரு பக்கமாகச் சிரிப்பான், காது பெரிசு, புருவத்தில் வெட்டு இருக்கும் என்பார். சொல்லில் முகம் வருமா? வரவில்லை.

அதனால் அந்தப் பாகத்தை அப்பாவுக்காகவே படித்தோம். வேகமாகப் போகாதே, ஒவ்வொரு படத்தையும் காட்டு என்றார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தார். அண்ணன் வருவான் என்று காத்திருந்தார், இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஜப்பான் சிப்பாய் காய்ச்சலில் கிடக்கிறான். அவன் அம்மா அனுப்பிய கடிதம் மழையில் நனைகிறது. வெள்ளைக்காரக் கைதிகள் விலா எலும்பு தெரியக் கட்டை சுமக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு ஒரு முழுப் பக்கம், அவன் கண்ணில் நீர். எல்லாம் நன்றாகத்தான் வரைந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் நான் தேடினேன். கடைசியில் ஒரே ஒரு கட்டம் வந்தது. தூரத்தில் கறுப்பாகச் சில உருவங்கள் கூடையில் மண் சுமந்து போகின்றன. இடுப்பில் துண்டு, தலையில் முண்டாசு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மை. கண் இல்லை, வாய் இல்லை. அடுத்த கட்டத்தில் கதை மறுபடி சிப்பாயிடம் போய்விட்டது.

அப்பா பூதக்கண்ணாடியை அங்கேயே வைத்துப் பிடித்திருந்தார்.

“இதுல எங்கண்ணன் எதும்மா?” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் வரையத் தெரியாத ஆள் என்றால் விட்டுத் தொலைக்கலாம். சிப்பாயின் செருப்பு வாரைத் தனித்தனியாக வரையத் தெரிந்தவருக்கு, கஞ்சிப் பானையில் ஒட்டிய பருக்கையை வரையத் தெரிந்தவருக்கு, எங்கள் சனத்துக்கு இரண்டு புள்ளி வைத்துக் கண் வரைய மனசு வரவில்லையா? தன் பிள்ளைகளுக்குப் போரின் நினைவைச் சொல்லிக்கொடுக்கிறாராம். உங்கள் தாத்தா பட்டினி கிடந்தார் என்று சொல்லிக்கொடுத்தார், சரி. உங்கள் தாத்தா யாரைப் பட்டினி போட்டார் என்பதை யார் சொல்வது? அன்றைக்கு டியூஷன் அதோடு முடிந்தது. அந்தப் பெண் பாவம், தானே குற்றம் செய்தது மாதிரி புத்தகத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே அவள் கணவர் விடுமுறையில் வந்தார். என்னைப் பார்த்துப் பழம், சாக்லேட் கொடுக்க இருவருமாக வீட்டுக்கு வந்தார்கள். வந்த விருந்தாளி என்றுகூடப் பார்க்காமல் நான் பிடித்துக்கொண்டேன். இதையெல்லாம் காசு கொடுத்து வாங்கி அனுப்புகிறீர்களே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“டீச்சர், அவன் சனம் பட்டத அவன் வரைஞ்சான். நம்ம சனம் பட்டத வரைய வேணாம்னு யாரு சொன்னா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. பிரான்சுக்காகச் சண்டை போட்டுச் செத்த காரைக்கால்காரர்களுக்கு ஊரில் நினைவுச்சின்னம் இருக்கிறது, பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு வந்தால் மலர் வளையம் வைக்கிறோம். சயாமில் மண் சுமந்து செத்தவனுக்கு ஒரு செங்கல் நட்டோமா? என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்த ரயில் பாதை பற்றி ஒரு வரி படித்ததாக நினைவில்லை. நம்மிலும் சித்திரக்காரர்கள் இருக்கிறார்கள், பத்திரிகைகள் இருக்கின்றன. ஜோக்குக்கு மாமியாரையும் மருமகளையும் விதவிதமாக வரையத் தெரிகிறது. அடித்தவன் வரையவில்லை என்று கத்துகிற நான், அடிபட்ட வீட்டுக்காரர்கள் இத்தனை வருஷம் என்ன செய்தோம் என்று யாரிடம் கத்துவது? அன்றைக்குக் கிடைத்த ஆளிடம் கத்தினேன். அவரும் விடவில்லை, குரல் உயர்ந்துவிட்டது. அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தச் சண்டையில் அப்பாவை யாரும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது மூன்றாம் பாகம் அவர் மடியில் இருந்தது. நான் டியூஷன் நோட்டுத் திருத்துகிற பேனா அவர் கையில் இருந்தது.

“அப்பா, என்ன பண்றீங்க? அது அவங்க புஸ்தகம்.”

அவர் நிமிரவில்லை. கூடை சுமக்கிற உருவங்களில் ஒன்றின் கறுப்புத் தலைக்குப் பக்கத்திலேயே, வெள்ளையாக இருந்த இடத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முகம் போட்டிருந்தார். அங்கிருந்து கழுத்துக்கு ஒரு கோடு இழுத்திருந்தார். அப்பா ஓவியர் இல்லை, கோலப்புள்ளிகூட வைத்ததில்லை. கை நடுக்கத்தில் மூக்கு கோணிக்கொண்டது. ஆனால் பெரிய காது, புருவத்தில் வெட்டு, ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட சிரிப்பு எல்லாம் இருந்தன. நாற்பது வருஷமாகக் காதால் கேட்ட முகத்தை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.

“இப்படித்தான் இருப்பான்” என்றார் அப்பா. பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வேறு புத்தகம் வாங்கித் தந்துவிடுகிறேன் என்று உளறினேன். அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மை இழுகிவிடாமல் அதன் மேல் மெல்ல ஊதினாள். இவ்வளவு நேரம் என்னோடு மல்லுக்கு நின்றவர் குனிந்து, “தாத்தா, அவுக பேரு என்னங்க?” என்று கேட்டார். அப்பா சொன்னார். அவர் அதே பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்துக்குக் கீழே தமிழில் பெயரையும் காரைக்கால் என்பதையும் எழுதினார்.

“வேற புஸ்தகமெல்லாம் வேணாம் டீச்சர். இதுதான் எங்களுக்கு வேணும்” என்றார்.

விசா வந்து அவள் பாரீசுக்குப் போனபோது புத்தகமும் போனது. அடுத்த வருஷம் அப்பா காலமானார். அவள் இன்னும் எப்போதாவது போன் பண்ணுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் குழந்தை ஏதோ கிறுக்கிவிட்டது என்றுதான் நினைக்கிறார்களாம். இவள் உட்கார வைத்து, தான் படித்த பிரெஞ்சில் முழுக் கதையையும் சொல்லித்தான் அனுப்புகிறாளாம்.

உலகத்தில் அந்தப் புத்தகம் எத்தனை பிரதி இருக்கிறதோ, ஒன்றில் மட்டும் என் பெரியப்பாவுக்கு முகம் இருக்கிறது. அவருக்கு முன்னும் பின்னும் கூடை சுமந்து போகிறவர்களின் முகம் தெரிந்தவர்கள் எந்தெந்த ஊரில் கட்டிலில் படுத்துக்கிடந்து, கேட்பாரில்லாமல் போய்ச் சேர்ந்தார்களோ என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது.