திண்டிவனத்தில் மூன்று மணி நேரம்

என் கணவரின் கண்ணுக்குள் மாதம் ஒரு முறை ஊசி போட வேண்டும் என்று தாம்பரம் பக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்றுகொண்டிருந்தது. இடது கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது, வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. “ஒரு மாசங்கூடத் தள்ளிப் போடாதீங்க” என்றார் டாக்டர். அதை இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை என்னைப் பார்த்துச் சொன்னார்.

விழுப்புரத்தில் எங்கள் வீடு. நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர், எழுத்து கலங்கத் தொடங்கியதும் வீட்டோடு இருந்துவிட்டார். முதல் ஊசிக்கு பஸ்ஸில் போனோம். திரும்பும்போது, கண்ணில் கட்டோடு படியேறியவரைக் கூட்டம் தள்ளிவிட்டது. விழுந்து முட்டி பெயர்ந்தது. 

அந்தச் சமயத்தில் வண்டலூரில் இருக்கும் என் தம்பி ஒரு யோசனை சொன்னான். அவன் கம்பெனி, ஆட்களைக் கூட்டிவர வைத்திருந்த கரன்ட் கார்களை விற்றுக்கொண்டிருந்தது. நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். கிளட்ச் கடைசிவரை எனக்குப் பிடிபடவே இல்லை. இந்த வண்டியில் கிளட்ச்சே கிடையாது. வாங்கிவிட்டோம்.

முழு சார்ஜுக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓடும். ஆஸ்பத்திரி நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். நடுவில் எங்கேயும் சார்ஜ் போட இடமில்லை. இன்றைக்கு ஹோட்டலுக்கு ஹோட்டல் வைத்திருக்கிறார்கள். அப்போது அந்த நெடுஞ்சாலையில் ஒன்றுகூட இல்லை.

நான் ஒரு கிராஃப் நோட்டு வாங்கினேன். எத்தனை வேகத்தில் போனால் எத்தனை சதவீதம் குறைகிறது, மேம்பாலம் ஏறினால் எவ்வளவு போகிறது, எதிர்க்காற்று அடித்தால் எவ்வளவு என்று புள்ளி வைத்துக் கோடு போட்டேன். ஏசி போடக் கூடாது. ஐம்பதைத் தாண்டக் கூடாது. லாரிகள் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கோடு எப்படிப் போட்டாலும் செங்கல்பட்டு தாண்டிக் கீழே இறங்கிவிடும். வழியில் மூன்று மணி நேரம் எங்காவது கரன்ட் கிடைத்தாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் தேடிப் போனேன். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ஒரு ஹோட்டலில் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் சிரித்தார். “ஃபோனுக்கு வேணும்னா போட்டுக்கம்மா. காருக்குப் போட்டா எங்க ஃபிரிட்ஜ் நின்னுடும், பேஜாரா போயிடும்.” திண்டிவனத்தில் ஒரு லாட்ஜில் சம்மதித்தார்கள். ஆனால் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிளக்கில் எர்த் இல்லையென்றால் அது சார்ஜ் ஏற்றாது. இன்னும் இரண்டு இடங்களிலும் அதே சிவப்பு விளக்கு.

கடைசியில்தான் திண்டிவனத்து டீச்சர் ஒருவர் நினைவுக்கு வந்தார். தொண்ணூற்று மூன்றில் எனக்கு முதல் வேலை அந்த ஊரில்தான். அவர் அங்கே தமிழ் டீச்சர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். கரும்பலகையில் அவர் எழுதியதை அழிக்க மனம் வராமல் நான் அடுத்த பாடத்தைப் பலகையின் ஓரத்தில் நடத்தியிருக்கிறேன். அவர் வீடு கட்டியதும் அந்த வருடம்தான். பிறகு நான் மாற்றலாகிப் போனேன், அவர் கணவர் இறந்தார், பிள்ளையில்லை, தனியாக இருந்தார். இத்தனை வருடத்தில் நான் அவரைப் போய்ப் பார்த்தது இரண்டு முறைதான்.

கதவைத் திறந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“இதுக்கா இவ்ளோ தயங்கிக்கினு நிக்கறீங்க? கிரைண்டருக்குப் போட்ட பெரிய பிளக்கு சும்மாதான் கெடக்குது. சாரைக் கூட்டிக்கினு வாங்க டீச்சர்.”

ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து சோதிக்கச் சொன்னேன். அவர் டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. எனக்கு உயிர் வந்தது. அவர் ஸ்விட்ச் போர்டைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“எர்த் இருக்குங்க. ஆனா ஒயரு அந்தக் காலத்து அலுமினியம். கிரைண்டருன்னா அரை மணியில நின்னுடும். இது மூணு மணி நேரம் விடாம இழுக்கும். புது ஒயரு போட்டுக்கினு அப்புறம் சார்ஜ் போடுங்க.”

“எத்தனை நாள் வேலை?”

“செவுத்த ஒடைக்கணும். கையில வேற வேலை கெடக்குது. வர்ற மாசம் வர்றேன்.”

ஊசி அந்தச் சனிக்கிழமை. டீச்சர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவர் டம்ளரோடு வந்தபோது, “எல்லாம் சரியா இருக்காம் டீச்சர்” என்றேன். நோட்டில் ‘திண்டிவனம்: எர்த் உண்டு’ என்று எழுதிக்கொண்டேன். மற்றதை எழுதவில்லை.

முதல் தடவை எந்தத் தொந்தரவும் இல்லை. விடியற்காலையில் கிளம்பி ஆறு மணிக்குத் திண்டிவனம் போனோம். ஜன்னல் வழியாகச் சார்ஜர் ஒயரை உள்ளே விட்டு மாட்டினேன். டீச்சர் இட்லியும், வேர்க்கடலையை வறுத்து அரைத்த மல்லாட்டைச் சட்னியும் செய்திருந்தார். என் கணவரிடம் பேப்பரை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். கழற்றும்போது பிளக் சூடாக இருந்தது. சூடாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவு வண்டலூரில் தம்பி வீட்டில் தங்கிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டோம்; மறுநாள் திரும்பும்போதும் திண்டிவனத்தில் மூன்று மணி நேரம். ஆஸ்பத்திரியில் வலது கண் தேறுகிறது என்றார்கள்.

அடுத்த மாதம் எலக்ட்ரீஷியனை ஃபோனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இன்னொருவரைத் தேட நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். திண்டிவனத்தில் ஒரே ஒரு எலக்ட்ரீஷியனா இருந்திருப்பார்?

அந்தத் தடவை, பிளக்கிற்கு மேலே சுண்ணாம்பு லேசாகப் பழுப்பேறியிருந்ததைப் பார்த்தேன். டீச்சர் பார்க்காத நேரத்தில் சுவரில் கை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றியைப் போல இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மட்டுமல்ல, மேலே கூரை வரைக்கும் ஒரு கோடாக அந்தச் சூடு ஏறிப் போயிருந்தது. கையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நிறுத்தினால் செங்கல்பட்டுக்கு அப்பால் நடுரோட்டில் நிற்போம். அந்த ஒரு மணி நேரமும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் தலையைத் தூக்கி முகர்ந்தார். பார்வை குறைந்த பிறகு அவருக்கு மூக்கு கூர்மையாகிவிட்டது.

“மீன் வாசனை வருதே. டீச்சர் கவிச்சி செய்யறாங்களா?”

“ஐயோ, இல்ல சார். சனிக்கெழமை எங்க வூட்ல கவிச்சியே கெடையாது” என்றார் டீச்சர்.

“மரக்காணத்து மீன்காரம்மா யாராவது தெருவுல போவாங்க” என்றேன் நான்.

எனக்கும் அந்த வாசனை வந்தது. தெருவிலிருந்து வரவில்லை. ஸ்விட்ச் போர்டு தீயும்போது மீன் நாற்றம் அடிக்கும் என்று பிற்பாடுதான் ஒருவர் எனக்குச் சொன்னார். ஆனால் அது மீன் இல்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். கிளம்பும்போது டீச்சர் வாசலில் நின்று, “ரெண்டு நாளா ஹால்ல லைட்டு தானா மங்கி மங்கி எரியுது டீச்சர். லோ வோல்டேஜ் போல” என்றார். “வெயில் காலம் இல்லையா, எங்க ஊர்லயும் அப்படித்தான்” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினேன்.

மூன்றாவது தடவை அக்கினி நட்சத்திரம். காலை ஏழு மணிக்கே தார் ரோடு பளபளத்தது. திண்டிவனத்தில் பிளக்கை மாட்டியபோது ‘சிர்’ என்று மெல்லிய சத்தம் கேட்டுப் பிறகு நின்றது. பச்சை விளக்கு வந்தது. நான் நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டுக்கொண்டேன். எட்டு மணிக்கு என் கணவர் சட்டைப் பையைத் தடவி, கண் சொட்டு மருந்தை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். ஊசிக்கு முன் அதைப் போட்டாக வேண்டும்.

“மெடிக்கலு முக்குலதான் இருக்குது. காலாற ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்” என்றார் டீச்சர்.

ஒரு நிமிடம் நின்றேன். அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

முதல் கடையில் மருந்து இல்லை. அடுத்த கடைக்கு நடந்தோம். இருபது நிமிடம் ஆகியிருக்கும். திரும்பித் தெருவுக்குள் நுழைந்ததும் என் கணவர் நின்றுவிட்டார். “என்னா கருகுது?” என்றார். அவரை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

ஜன்னல் வழியாகக் கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மெயினை இறக்கிவிட்டு, ஈரச் சாக்கை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒயர் போன வழியெல்லாம் காரை வெடித்து விழுந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரின் மர அலமாரி எரிந்து அணைந்திருந்தது. டீச்சர் கொல்லையில் உட்கார்ந்து வலது கையை வாளித் தண்ணீருக்குள் விட்டிருந்தார். தூக்கிக் காட்டினார். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளக்கின் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது.

“மெயினை நிறுத்தத் தோணலையே டீச்சர்” என்றார். “உங்க வண்டி எரிஞ்சிடப் போவுதேன்னு பிளக்கைப் புடிச்சி இழுத்துட்டேன்.”

அந்த வண்டியில்தான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சார்ஜ் எழுபத்தொரு சதவீதம் காட்டியது. வண்டி சத்தமில்லாமல் போயிற்று. பின் சீட்டில் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது மட்டும் கேட்டது.  என் கணவர் மருந்துப் பாட்டிலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அந்த மாத ஊசி தவறிப்போயிற்று. மறு மாதம் ரயிலில் போனபோது டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, வலது கண்ணில் தேறியதில் பாதி போய்விட்டது என்றார். அதற்குப் பிறகு அது திரும்பவில்லை.

டீச்சருக்கு ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி இருந்தது. விரல்கள் ஆறின. ஆனால் மடங்கவில்லை. சாக்பீஸை முஷ்டியில் பிடித்து எழுதுகிறார் என்று அந்தப் பள்ளியில் வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்ட அன்றைக்கு நான் பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். வீட்டுக்குப் புது ஒயர் போட நாங்கள் ஆள் வைத்திருந்தோம். சுவரெல்லாம் ஒட்டுப் போட்டதுபோல் புதுச் சிமென்ட். நான் உட்காரவில்லை. நின்றபடியே எலக்ட்ரீஷியன் சொன்னதை, சுவரில் கை வைத்ததை, மீன் வாசனையை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் இடது கையால் எனக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“தெரியும் டீச்சர்” என்றார். “அந்த ஆளு போவும்போது தெருவுல வெச்சி என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனான்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “அப்புறம் ஏன் டீச்சர் நீங்க...”

“ஒயரு சரியில்லன்னு சொன்னா வேற எடம் பாத்துக்குவீங்க. அப்புறம் எதுக்கு இங்க வரப் போறீங்க?” என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் ஜன்னலைத் திறந்தார்.

காரை இப்போது விழுப்புரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறேன். மிஞ்சினால் வளவனூர். ஊசிக்கு ரயில்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறுகிறார், இறங்குகிறார். திண்டிவனத்தில் ரயில் இரண்டு நிமிடம் நிற்கும். இரண்டு மூன்று முறை டீச்சர் ஸ்டேஷனுக்கு வந்து ஜன்னல் வழியாக இட்லிப் பொட்டலம் கொடுத்தார். ஒருமுறை அவர் நீட்டிய பொட்டலம் விரல்களில் நிற்காமல் தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.