பாக்கியநாதன் எடுத்த புலிப்படம்

பினாங்குத் தெருவில் படக்கடை வைத்திருந்த பாக்கியநாதனைத்தான், கத்தோலிக்கக் குடும்பத்தில் சாவு விழுந்தால் பாதிரியாருக்கு அடுத்தபடியாகத் தேடுவார்கள். பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துப் படமெடுப்பார். பிறகு படம் பதிந்த கண்ணாடித் தகட்டில், மூடிய இமைகளின்மேல் விழி தீட்டி, உயிரோடிருப்பவர்போல் ஆக்கித் தருவார். உயிருள்ளவர்களை எடுக்க அவருக்குப் பிடிக்காது. "அசையாதேன்னா அப்பத்தான் அசையும், சனியனுங்க" என்பார்.

1926இல் சீனி முகம்மது அவரை அழைத்தார். ஆயர் ஈத்தாம் சாலையில் காட்டு விலங்குகளைக் கூண்டில் வைத்துக் கட்டணத்துக்குக் காட்டியவர் இந்தச் சீனி முகம்மது. கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களுக்கு அஞ்சலட்டையாக விற்க, கம்பி தெரியாத புலிப்படம் வேண்டுமாம்.

கம்பியை அழிக்கத் தூரிகை போதும். புலிதான் நிற்கவில்லை. கூரையடி இருட்டில் மூன்று நொடியாவது கேமராவின் மூடியைத் திறந்துவைக்க வேண்டும். ராணி என்ற அந்தப் புலி ஓயாமல் நடந்தது. தகடுதோறும் புகைதான் விழுந்தது.

"இன்னொண்ணு பாழாச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன்லா" என்றார் சீனி முகம்மது.

பாக்கியநாதன் அபின் கடைக்குப் போய்க் கொஞ்சம் வாங்கிவந்து இறைச்சி உருண்டைக்குள் பொதிந்தார். கூண்டுக் காவலாள் சுப்பையா கொடுத்தால்தான் ராணி தின்னும். குட்டியிலிருந்து ஆட்டுப்பால் ஊட்டி வளர்த்தவன் அவன்.

"வேணாம்ணே. செத்துகித்துப் போயிரும்."

"உன் பொண்டாட்டியாடா அது, இப்படித் துடிக்கிறே? கொஞ்சம் மயங்கும், அவ்வளவுதான். குடு."

"முதலாளி..." என்று சுப்பையா சீனி முகம்மது பக்கம் திரும்பினான்.

"நாளைக்கும் உனக்கு இங்க வேலை வேணுமில்ல?"

சுப்பையா கொடுத்தான். ராணி அவன் விரல்களையும் நக்கியது. நடை தளர்ந்தது, ஆனாலும் நிற்கவில்லை. பாக்கியநாதன் இன்னோர் உருண்டையை நீட்டினார். அதையும் கொடுத்தான். புலி படுத்தது. சிறிது நேரத்தில் அதன் விலா ஏறி இறங்குவது நின்றுவிட்டது.

சுப்பையா கூண்டுக்குள் புகுந்து அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டான். பாக்கியநாதனின் முகம் அன்று முதன்முறையாகத் தெளிந்தது.

"அப்படியே தூக்கிப் பிடிடா. நீ பின்னால ஒளிஞ்சுக்கோ. அழுது குலுக்காதே, படம் கெட்டுப்போகும்."

சுப்பையாமேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். புலியின் வாயைக் குச்சி கொடுத்துத் திறந்தார்கள். விழிகளைப் பாக்கியநாதன் பிறகு தீட்டினார். மயிர் மயிராகத் தெரிந்த அந்தப் படம் துறைமுகக் கடைகளில் வைத்த வேகத்தில் தீர்ந்தது. தோலையும் பற்களையும் சீனி முகம்மது தனியாக விற்றார். புலி எப்படிச் செத்தது என்று கேட்டவர்களிடம், "சுப்பையா கண்டதையும் திங்கக் குடுத்துட்டான்" என்று சொல்லி, அவனை வேலையிலிருந்து விரட்டினார்.

அடுத்துக் கரடிப்படம் கேட்டார். பாக்கியநாதன் ஒன்றை மட்டும் விசாரித்தார்.

"இது யார் கையில திங்கும்?"

"அதே பயல் கையிலதான்."

ஆள் அனுப்பினார்கள். கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த சுப்பையா, வேலை திரும்பக் கிடைக்கும் என்றதும் அடுத்த படகிலேயே வந்துவிட்டான். எதற்கென்று அவன் கேட்கவில்லை. அவன் காலடி கேட்டதும் கரடி எழுந்து கம்பியோரம் ஓடி வந்தது.