அழிக்கும் முன் ஒரு கேள்வி

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். புதுச்சேரி முதலியார்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் பத்து வருஷம். அங்கிருந்து ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி ஆபிசுக்கு வந்தேன். கறுப்புத் திரையில் எழுதிக் கேட்டால் புரோகிராம் எழுதித் தரும் ஏ.ஐ. ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். ஃபைல்களைத் தானே மாற்றும், அழிக்கும். அது பேசுவது எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்று ஆபிசை நடத்தும் மேடம் என்னை வைத்துக்கொண்டார்.

அது எப்படிப் பேச வேண்டும் என்று எழுதியவன் என் பக்கத்து நாற்காலிக்காரன். தேங்காய்த்திட்டு மீனவர் வீட்டுப் பையன். அப்பாவுக்குப் படகு. கடலில் இரண்டு படகின் வலை சிக்கிக்கொண்டால், அறுக்கக் கத்தியை எடுக்கும் முன் அடுத்த படகைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆள் இல்லாத வலையென்றால் கரைக்குக் கொண்டுவந்து சொந்தக்காரர் வீட்டில் கேட்க வேண்டும். அப்பாவின் அந்த வழக்கத்தையே இந்த ஏ.ஐ. கருவிக்கும் வைத்தான். தான் உண்டாக்காத எதையும் அழிக்கும் முன் அது கேட்கும்.

"அண்ணே, இத நான் போடல. யாருது? அவங்கள கேட்டீங்களா?"

"ஊர்ல இருக்கறவன்லாம் அதுக்கு அண்ணனா?" என்றேன்.

"அழிக்க வர்றவன மரியாதையா கூப்பிட்டாதாண்ணே நிப்பான்."

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டான். நாற்காலியை எடுத்துவிட்டார்கள். கருவி மட்டும் அவன் மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

கருவியை வாங்கி ஓட்டிப் பார்த்தவர்கள் குறை சொன்னார்கள். ரொம்பக் கேட்கிறதாம். மேடம் என்னிடம் வந்தார்.

"அந்தக் கேள்விய எடுத்துடுங்க. ஆமாவா இல்லையான்னு கேட்டா போதும்."

"அவன் வச்சது மேடம்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்."

எங்கள் ஆபிசில் எந்த மாற்றமும் அந்தக் கருவி வழியாகத்தான். அந்த வரியை எடு என்று தட்டினேன்.

"அண்ணே, இத நான் போடல. யாருது? அவங்கள கேட்டீங்களா?"

என்னுடையது என்று தட்டினால் எடுத்திருக்கும். விரல் போகவில்லை. ஆள் செத்துட்டான் என்று தட்டினேன்.

"அப்ப அவங்க வீட்ல கேட்டுட்டு வாங்கண்ணே."

அதையும் எழுதி வைத்திருக்கிறான். எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போனேன். அவன் மனைவி ஏலத்தில் எடுத்த மீனை ஐஸில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு பேசற மாதிரியே கேக்குதா?"

"அப்படியேதாம்மா."

"அந்தப் பேச்ச நீங்க தெனம் கேக்கறீங்க."

"ஆமா."

அவள் கை நின்றது. "வீட்ல ஒரு சத்தமும் இல்லண்ணே."

"ஒரு நாள் வந்து பாரும்மா. அப்புறமா எடுக்கறேன்."

"பாத்தா எடுக்க விடமாட்டேன். ஒங்க மேடத்துக்கு யாரு பதில் சொல்றது? எடுத்துடுங்க." ஐஸை அள்ளிப் போட்டாள். "எங்கிட்ட கேட்டீங்கள்ல. போதும்."

திரும்பி வந்து தட்டினேன். வீட்டில் கேட்டேன், எடுக்கச் சொன்னார்கள்.

"சரிண்ணே" என்றது. எடுத்துவிட்டது.

இப்போது வேகமாக இருக்கிறது என்கிறார்கள். எதையாவது அழிக்க வேண்டியிருந்தால், தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். ஆமா, இல்லை என்று இரண்டு சொல் வந்து நிற்கிறது. அதற்கு மேல் ஒன்றும் வராது. தெரிந்தும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.