கண்ணகையின் பெருவிரலில் நின்ற ஒபெரா

ஆரையம்பதியில் தையல் மெஷின் திருத்தும் கண்ணகைக்குப் பயம் கூடப்பிறந்தது. இடி முழங்கினால் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். நாயைக் கண்டால் தெரு மாறுவாள். மெஷினுக்குள் கைவிட மட்டும் பயந்ததேயில்லை. அன்றைக்குக் கொஞ்சம் பயந்திருக்கலாம்.

அதே ஊர் வினாயகமூர்த்தி சுவிஸில் ஒரு கிழவரைப் பல வருடம் பராமரித்தவர். அந்தக் கிழவர் சாகுமுன் கொடுத்த பழைய இசைப்பெட்டிதான் அவர் ஊருக்குக் கொண்டுவந்த ஒரே சொத்து. பக்கத்துத் துளையில் திறப்பைப் போட்டு முறுக்கிவிட்டால், முள் பதித்த பித்தளை உருளை சுழன்று, சீப்பு மாதிரியான இரும்புத் தகட்டின் பற்களைத் தட்டி ஒபெரா என்கிற மேல்நாட்டு இசைநாடக மெட்டுகளை வாசிக்கும். வாவிக் காற்றில் துருவேறி, அது பாதிப் பாட்டில் நின்றுவிட்டது. வீட்டுக்குத் தையல் மெஷின் திருத்த வந்த கண்ணகையிடம் இதையும் பார்க்கச் சொல்லிவிட்டு, மனிதர் மீன் வாங்கப் போய்விட்டார்.

தையல் மெஷின் மிதித்தால்தான் ஓடும். அந்தப் பழக்கத்தில், உள்ளே சுருள்வில் முறுக்கோடு இருக்குமென்று அவள் நினைக்கவேயில்லை. வேகத்தை அடக்கும் சின்ன விசிறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் போடக் கழற்றினாள். உருளை வெறிபிடித்துப் பாய்ந்தது. சுரமெல்லாம் ஒன்றாய் அலற, ஒரு பல் தெறித்தது. உருளையைச் சுழற்றும் சக்கரத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்தாள்.

விட்டால் மிச்சப் பற்களும் போகும். விரல் அசைந்துவிடுமோ என்று கூப்பிடவும் பயம். வேறு வழியில்லாமல் சக்கரத்தை மெல்ல மெல்ல நழுவவிட்டாள். ஒரு சுரம் வந்தது. பிறகு இன்னொன்று.

மீன் பையோடு வந்தவர் முகம் மலர்ந்தது.

"திருந்திட்டுது போல."

"கிட்ட வராதீங்க மாமா."

அவர் வாசலிலேயே நின்றார். சுருள்வில் தளர்ந்து முடிந்தபோது அவள் விரலில் இரத்தம். அழுதபடியே உடைந்த பல்லைக் காட்டினாள். விசிறிக்கு எண்ணெய் போட்டுப் பூட்டிக் கொடுத்தாள். முறுக்க மாட்டேன் என்று படலைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

உள்ளே பாட்டு தொடங்கியது. பல் போன இடத்தில் சுரம் இல்லாமல் ஓர் ஓட்டை. கண்ணகை கண்ணை மூடிக்கொண்டாள். மெட்டு திரும்பி அந்த இடத்துக்கு வந்தபோது, கரகரத்த குரல் ஒன்று அதை நிரப்பியது.

"அந்த ஒண்டை நான் பாடிக்கொள்ளுவன்," என்றார் வினாயகமூர்த்தி. "நீ உள்ள வா புள்ள."