தராசு நின்ற பிறகும் ஒரு கிள்ளு

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த மனிதர், பிரெஞ்சு நசியோனாலித்தே என்கிற குடியுரிமை கிடைத்த கையோடு துவக்குச் சுடுகிற கிளப்பில் போய்ச் சேர்ந்தார் என்றால் யார் நம்புவார்கள்? என்னுடைய மனிசன் சேர்ந்தார். ஊரில் சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சக் காலம் அவருக்குத் தேத்தண்ணியே போட்டுக் கொடுக்கவில்லை.

"அது விளையாட்டப்பா. ஒலிம்பிக்கிலையும் சுடுகினம்தானே" என்றார்.

"ஓம், உங்களைத்தான் ஒலிம்பிக்காரர் தேடித் திரியினம்" என்றேன்.

பிரிபெக்சூர் என்கிற அரசாங்கக் கந்தோரில் அனுமதி, டொக்டரின் சான்றிதழ், எல்லாம் முறைப்படி எடுத்தார். பொபினியில் எங்கள் சின்ன வீட்டின் அறை மூலையில் ஒரு இரும்புப் பெட்டி வந்து குந்தியது. உள்ளே ரிவோல்வர். முறைப்படி வந்தாலும் ரிவோல்வர் ரிவோல்வர்தானே. யாராவது வாசல் மணி அடித்தால் பொலிஸோ என்று பயப்படுவேன். அந்தப் பெட்டி இருக்கும் பக்கம் கூட்டுவதற்குக்கூட நான் போவதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முந்தி, பக்கத்துக் கடைக்காரன் ஷட்டரை டமாரென்று இழுத்து விட்டால்கூட இந்த மனிதர் மேசைக்குக் கீழே குனிந்துவிடுவார். பிறகு வெட்கத்தில் எதையோ தேடுவதுபோல நடிப்பார். கிளப்புக்குப் போகத் தொடங்கி ஒரு வருடத்தில் அது நின்றுவிட்டது. ஷட்டர் விழுந்தால் திரும்பியும் பார்ப்பதில்லை. எனக்கு அது எப்படியென்று விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

எங்களுடைய பலசரக்குக் கடை லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் இருக்கிறது. அரிசி மூட்டை தூக்கித் தூக்கி அவருடைய வலது மணிக்கட்டு பழுதாகிப் போனது. துவக்குக் கடையில் வாங்குகிற தோட்டா உதைக்கிற உதையில் கை நோகும், குறியும் தப்பும். அதனால் பழகுவதற்கென்று மெதுவான தோட்டாக்களைத் தானே வீட்டில் செய்யத் தொடங்கினார். சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அவற்றைக் கழுவி, மேசையில் பூட்டிய ஒரு அழுத்தியில் வைத்து நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார். அடியில், தட்டினால் தீப்பற்றுகிற அமோர்ஸ் ஒன்று. உள்ளே வெடிமருந்து. மேலே ஈயக்குண்டை இறுக்கி மூடினால் தோட்டா தயார். மருந்தைக் குறைத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவாகப் போட்டால் உதையும் குறையும், குண்டும் ஒரே இடத்தில் போய் விழும்.

இதில் ஒரு பயங்கரம் இருக்கிறது. மருந்து குறைவு என்பதால் கோதின் அடியில் துளியாகத்தான் கிடக்கும், மிச்சமெல்லாம் வெறுமை. தவறிக் கூடுதலாகப் போட்டாலும் வழியாது. குண்டை வைத்து மூடிவிட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அளவு மிஞ்சினால் துவக்கே கைக்குள் வெடித்துச் சிதறும், விரல் போகும், கண் போகும், ஆளும் போகலாம் என்று அவரே எனக்குச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம் பாவி மனிசன்.

அதனால் திங்கட்கிழமை, கடை பூட்டுகிற நாளில், எங்கள் குசினி கோயில்போல இருக்கும். ரேடியோ கூடாது, கதை கூடாது. நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோன்ற சின்னத் தராசில் ஒவ்வொரு கோதுக்கும் மருந்தை நிறுத்து நிறுத்துப் போடுவார். கோதுகளை வரிசையாக நிறுத்தி, மூடுவதற்கு முன் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்ப்பார். நான் ஒரு பக்கத்தில் இருந்து கறிக்கு லீக்ஸ் வெட்டுவேன்.

அப்படி ஒரு திங்கட்கிழமை கனடாவிலிருந்து அவருடைய அக்கா போன் எடுத்தார். வேறு யாரென்றாலும் விட்டிருப்பார். அக்கா எடுத்தால் எடுக்காமல் விடேலாது. அக்காவின் மகளுடைய கல்யாண வீட்டுக் கதை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றபடியே வேலையைத் தொடர்ந்தார். கை நிறுத்தது, போட்டது, நிறுத்தது, போட்டது. டோர்ச்சை மறந்துபோனார். நானும் சம்பந்திமார் என்ன கேட்டவை என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

புதன்கிழமை பின்னேரம் அவர் கிளப்புக்குப் போனார். கடையில் நான் தனியாக நின்றேன். பாண்டிச்சேரி அம்மா ஒருவர் கொத்தமல்லி வாங்க வந்தார், பெஞ்சனில் இருக்கிறவர், வழக்கமாக வருகிறவர். நிறுத்துக் கட்டிக் கொடுத்தேன். பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க உங்க மிஸ்யே? நீங்க ரொம்பக் கறார் மதாம். அவர்னா தராசு நின்னப்புறமும் ஒரு கிள்ளு எடுத்துப் போடுவாரு. பேசிக்கிட்டே போடுவாரு, அவருக்கே தெரியாது!"

 அந்தக் கையை நான் திங்கட்கிழமை பார்த்தேன். "ஓம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே தராசைப் பார்த்தது, மருந்துக் கிண்ணத்துக்குள் இரண்டு விரலை விட்டது, ஒரு கிள்ளு எடுத்துப் போட்டது. என் கண்ணாலேயே பார்த்தேன். கடையில் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய கை, வித்தியாசமாகவே தெரியவில்லை.

அவருடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சுடுகிற நேரம் அதை அலுமாரிக்குள் பூட்டிவிடுவார்கள். கிளப் நம்பருக்கு எடுத்தால் ஒரு இயந்திரம் பிரெஞ்சில் வணக்கம் சொன்னது. அந்த அம்மாவை அப்படியே வெளியே விட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லை, டாக்சியை மறித்து ஏறினேன். வழி முழுக்கச் சிவப்பு லைட். பிள்ளையாரே, கண்ணை மட்டும் விட்டுவிடு என்று கும்பிட்டேன். பிறகு, விரலையும் விட்டுவிடு என்று கேட்டேன். பிறகு அழுதேன். டாக்சிக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகமாக ஓட்டினான்.

கிளப்பில் சுடுகிற இடத்துக்கும் வெளிமண்டபத்துக்கும் நடுவில் தடித்த கண்ணாடி. அந்தப் பக்கம் அவர் முதுகு தெரிந்தது. காதில் பெரிய மூடி. கையை நீட்டினார். நான் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தேன், கத்தினேன். கேட்டால்தானே? சுட்டார். மெல்லிய சத்தம்தான், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பவும் சுட்டார். இந்தத் தரம் சத்தம் கண்ணாடியைத் தாண்டி என் பல்லில் வந்து இடித்தது. அவருடைய கை மேலே துள்ளியது. அவர் மணிக்கட்டை உதறினார். உதறிவிட்டுத் திரும்பவும் கையை நீட்டினார்.

பொறுப்பாக நின்ற பிரெஞ்சுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அரேத்தே! அரேத்தே!" என்று கத்தினேன். நிறுத்தச் சொல்கிற அந்தச் சொல்லைத் தவிர வேறு பிரெஞ்சு எனக்கு வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பொத்தானை அமத்தினார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாரும் துவக்குகளைக் கீழே வைத்தார்கள்.

அவர் காதுமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். "என்னப்பா, கடையை ஆரிட்டை விட்டிட்டு வந்தனீர்?"

"கடை நாசமாப் போகட்டும்! மருந்துக்கு மேலை ஒரு கிள்ளு போட்டனீங்கள். அக்காவோடை கதைக்கேக்கை. நான் கண்டனான்."

"விசர்க் கதை. நான் அப்பிடிச் செய்வனே?"

"கடையிலை செய்யிறேல்லையே?"

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.  ரிவோல்வரில் மிச்சமிருந்த தோட்டாக்களை வெளியே எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். சுத்தியல் மாதிரியான ஒரு சாமானுக்குள் தோட்டாவை வைத்துத் தட்டினால் குண்டு கழன்று மருந்து கொட்டும். கொட்டியதைத் தராசில் வைத்தார். தோட்டாப் பெட்டியில் மிஞ்சியிருந்தவற்றில் நிறைய சரியாகவே இருந்தன. பிறகு கூடினது ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. கடைசியில் டப்பாவைத் திறந்து, ரிவோல்வரிலிருந்து எடுத்தவற்றைக் கழற்றினார். அதில் ஒன்றிலிருந்து கொட்டிய மருந்து, போட வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது.  நான் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதேன்.

"விட்டிடுறன்" என்றார், பின்னால் வந்து நின்று. "எல்லாத்தையும் வித்துப்போடுறன்."

ஓம் விடுங்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. ஷட்டர் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே குனிகிற அந்த மனிதரை எனக்குத் திரும்பவும் பார்க்க வேண்டாம். ஆனால் அதற்காக இவரைச் சாவுக்கு வாரிக் கொடுக்கவும் முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் சட்டி பானையெல்லாம் கழுவினேன்.

கனநாள் அந்தத் தராசை அவர் தொடவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். என்னை முன்னால் இருக்கச் சொன்னார். போனை என்னிடமே தந்து நிறுத்தி வைக்கச் சொன்னார். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கரண்டியை எடுத்து, குழந்தை எழுதப் பழகுவதுபோலத் தடுமாறித் தடுமாறி மருந்தை அள்ளினார்.

"என்ன, இடக்கையாலை?" என்று கேட்டேன்.

"இந்தக் கையாலை நான் இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுத்ததில்லையப்பா" என்றார்.